ஆள் குறைந்த கரை

பயணிகளை ஏற்றிக்கொண்டு பருவத்தின் கடைசிப் படகு புறப்பட்டபோது, சிப்பித்தீவின் இறங்குதுறையில் அழாத பெண் ஒருத்தியும் இல்லை. படகின் மேல்தளத்தில் நின்ற வெளிநாட்டுத் தம்பதியர் அந்தக் கண்ணீரைக் கண்டு நெகிழ்ந்து, அதனைப் படம் எடுத்துக்கொண்டனர். இத்துணை அன்புள்ள மக்களை வேறெங்கும் கண்டதில்லை என்று அவர்கள் தம் ஊரில் சொல்லியிருக்கவும் கூடும். அப்பெண்கள் அழுதது பிரிவினால் அன்று; அச்சத்தினால். படகில் ஏறிய ஒவ்வொருவரும் தீவின் எடையில் ஒரு பங்கைத் தம்மோடு கொண்டுபோயினர்.

எடை என்று அங்கே வழங்கியது தலைக்கணக்கை. அது எவ்வாறு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பேரலை வந்துபோன பிறகு, பல ஆண்டுகள் அத்தீவின் வெண்மணற்கரைக்கு எவரும் வரவில்லை. ஆண்கள் ஆழ்கடலில் வள்ளங்களில் இருந்தமையால் பலர் தப்பினர். கரையில் இருந்த பெண்களையும் பிள்ளைகளையுமே அலை மிகுதியாகக் கொண்டுபோயிற்று. ஓட்டல் சுவர்களில் கடற்பாசி காய்ந்து உதிர்ந்தது. பின்னர் நீலக்கரை நிறுவனத்தார் வந்தனர். தீவுக்கும் எதிரே உள்ள பனிச்சைமுனைக்கும் இடையில் கடலடியில் வரிசையாகத் தூண்களை நட்டனர். அந்த அமைப்புக்கு அலைப்பிரி என்று பெயர். அதனை விளக்குவதற்காகக் கூட்டிய கூட்டத்தில், கோபிகாந்தன் என்னும் இளம் பொறியாளன் நின்று பேசினான். அவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"இது அலையை நிப்பாட்டுமா, தம்பி?" என்று பாக்கியவதி கேட்டாள். பேரலைக்குக் கணவனையும் இரண்டு பெண் மக்களையும் கொடுத்தவள் அவள். அவளுக்கு எஞ்சியவன் தவசீலன் என்னும் ஒரே மகன்.

"நிப்பாட்ட ஏலாது, அம்மா. அவ்வளவு பலம் மனிசரிட்டை இல்லை. ஆனால் திருப்பலாம். தூணுகளுக்கு இடையில கதவுகள் இருக்கு. ஒரு பக்கம் மூடினால், தண்ணி மற்றப் பக்கம் சாயும்."

"எங்க சாயும்?"

"ஒண்டில் இங்க, இல்லாட்டில் பனிச்சைமுனை. எந்தப் பக்கம் ஆக்கள் குறைவோ, அந்தப் பக்கம்."

பாக்கியவதியின் அயல்வீட்டுச் சின்னத்தங்கம் மட்டும் வாய் திறந்தாள். ஊரில் அவள் நாவுக்கு அஞ்சாதவர் இல்லை.

"நல்ல வேலகா இது! ஆள் கூடின பக்கம் அடுப்பெரியும், குறைஞ்ச பக்கம் பாடை கட்டும். இதுக்குப் பேர் என்ன, இஞ்சினியர் தம்பி?"

"இழப்புக் குறைப்பு முறை எண்டு சொல்லுவம், அம்மா."

அந்தத் தொடரைக் கேட்டவுடனே அனைவரும் எழுந்து வெளியேறியிருத்தல் வேண்டும். மனிதரைத் தராசுத் தட்டில் வைக்கும் ஒருவன் அதற்கு இத்துணை மென்மையான பெயரைச் சூட்டுவானாயின், அவனோடு மேலும் பேச ஒன்றும் இல்லை. ஆயினும் எவரும் எழவில்லை. அச்சத்தில் உறைந்தவர்களின் செவியில் 'குறைப்பு' என்னும் சொல் மட்டுமே விழுந்தது.

இரு கரையாருக்கும் எண்ணுபட்டைகள் கொடுக்கப்பட்டன. மணிக்கட்டில் கட்டும் அப்பட்டை, உடலின் சூட்டையும் நாடித் துடிப்பையும் உணர்ந்து, ஓர் உயிர் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை இயந்திரத்துக்கு அறிவிக்கும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே பட்டை. தீவுக்கு வரும் பயணிக்கும் இறங்குதுறையிலேயே ஒன்று கட்டப்படும். நீரிணையின் நடுவே எழுந்த கோபுரத்தில் இரு விளக்குகள் இருந்தன. மாதந்தோறும் ஒத்திகையின்போது, இலேசான கரையின் பக்கம் சிவப்பு எரியும். பயணிகள் நிறைந்திருந்த மாதங்களில் அது பனிச்சைமுனையின் பக்கமே எரிந்தது. அதனைக் காட்டித் தீவைப் பாதுகாப்பான கரை என்று நிறுவனத்தார் விளம்பரம் செய்ததால், பயணிகள் மேலும் வந்தனர். தீவினர் அவர்களுக்கு இளநீர் வெட்டினர், இடியப்பம் அவித்தனர், சிரித்தனர். ஒவ்வொரு விருந்தினரும் அவர்களுக்கு ஒரு மணல்மூட்டை.

பயணிகள் இல்லாத வாடைக்காலத்தில்தான் கேடு. சிவப்பு தீவின் பக்கம் திரும்பும். அம்மாதங்களில் எவரும் உறங்குவதில்லை. பேரலை வந்த நாளில் விரிந்த கூந்தல் வேலிக்கம்பியில் சிக்கி மாண்ட பெண்கள் பலர் என்பதால், பாக்கியவதி கூந்தலை இறுகக் கொண்டையிடாமல் படுப்பதே இல்லை.

இங்கே அவ்வூரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமுடித்த ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். தீவின் பெண்களை அலை கொண்டுபோய்விட்டதால், இளைஞர் யாவரும் பனிச்சைமுனையிலேயே பெண் கொண்டனர், அங்கேயே குடியேறினர். போகும் நாளில், தாயின் வீடு வெறுமையாகிவிடாதிருக்க, மகன் தன் உடலில் அணிந்த ஒன்றைக் கழற்றி விட்டுச்செல்வான். முன்பு அது அரைஞாண். பிற்பாடு தாய்மார் வேறொன்றைக் கேட்டனர்.

"பட்டையத் தந்துட்டுப் போ, மகன்," என்று பாக்கியவதியும் கேட்டாள். ஜெயரூபியை மணந்து அக்கரைக்குப் புறப்பட்டு நின்ற தவசீலன் மறுக்கவில்லை. தாயின் அச்சத்தை அவன் அறிவான்.

ஆணியில் மாட்டிய பட்டையை இயந்திரம் எண்ணாது. அதற்குச் சூடும் துடிப்பும் வேண்டும். ஆகவே தாய்மார் அவற்றை ஆடுகளின் முன்னங்காலில் கட்டினர். யார் முதலில் கட்டினார் என்பது தெரியாது. ஓராண்டுக்குள் தீவில் பட்டை கட்டாத ஆடே இல்லை என்னும்படி ஆயிற்று. ஒவ்வோர் ஆடும் மகனின் பெயரால் அழைக்கப்பட்டது.

"என்னகா பாக்கியம், உன்ட மகனக் கொஞ்சம் கட்டி வை. என்ட முருங்கையில ஒரு இல மிச்சமில்ல," என்று சின்னத்தங்கம் வேலிக்கு அப்பால் நின்று கத்துவாள்.

"பிள்ள பசியில திண்டிருப்பான்."

"கல்யாணம் கட்டின ஆம்பிள, மாமியார் வீட்டில தின்னட்டும்!"

சின்னத்தங்கத்துக்கு அக்கரையில் மகன் இல்லை. அவளுடைய மகனைப் பேரலை கொண்டுபோயிற்று, உடலும் கிடைக்கவில்லை. எனினும் அவளும் ஆடுகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஆண்டு கடைசிப் படகு போன அன்று நடந்த ஒத்திகையிலும் சிவப்பு தீவின் பக்கம் திரும்பவில்லை. துறையில் அழுத பெண்கள் மாலைக்குள் கண்களைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். எதிர்த்தட்டில் இருப்பவர் யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஓர் ஆட்டினால் என்ன ஆகிவிடும் என்று ஒவ்வொருத்தியும் எண்ணினாள். அவர்களை நான் பழிக்க மாட்டேன். தராசை நட்டவனே பழிக்கு உரியவன்.

மூன்றாம் நாள் காலை, பாக்கியவதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, கோபுரத்தின் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஒத்திகைச் சங்கு மூன்று முறை விட்டுவிட்டு ஊதும். இது நிற்கவே இல்லை.

அவளுடைய கை துருவலையிலேயே நின்றது. பெருவிரலில் குருதி வழிவதை அவள் உணரவில்லை. முற்றத்தில் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வட்டமிட்டது. தெருவெங்கும் கதவுகள் அடித்துத் திறந்தன. எல்லாரும் கடற்கரைக்கே ஓடினர். தீவு தட்டையானது, ஓட்டலின் மூன்றாம் மாடியைத் தவிர மேடு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் முதலில் ஓடியது கோபுரத்தைப் பார்க்கவே.

சிவப்பு பனிச்சைமுனையின் பக்கம் எரிந்தது.

யாரோ ஒருத்தி கைதட்டினாள். இன்னொருத்தி மணலில் விழுந்து கும்பிட்டாள். "தப்பிட்டம்! தப்பிட்டம்!" என்று அழுகையும் சிரிப்புமாக ஓர் ஓசை எழுந்தது. பாக்கியவதியும் சிரித்தாள். அப்போது அவளுடைய இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது.

"அம்மா." தவசீலனின் குரல். பின்னால் ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. "சங்கு கேட்டதா? சிவப்பு எங்கட பக்கம் எரியுது."

"ஓடு மகன்! ஜெயரூபியக் கூட்டிக்கொண்டு ஓடு!"

"எங்க ஓடுற? இங்க மணல்தானே அம்மா. அவவுக்கு நிறைமாசம், வயித்துநோ தொடங்கிட்டு. தூக்கவும் ஏலாது. மாமி பக்கத்தில இரிக்கா." அவன் மூச்சு வாங்கினான். "பயப்படாதீங்க. உங்கட பக்கம் வராது. அது போதும்."

தொடர்பு அறுந்தது.

பாக்கியவதியின் காதில் சங்கின் ஓசை மட்டும் இருந்தது. கைதட்டிய பெண்களின் முகங்களை அவள் பார்த்தாள். ஒவ்வொரு முகத்திலும் சிரிப்பு மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய கைப்பேசிகளும் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்கியிருந்தன.

அவள் ஓட்டலுக்கு ஓடினாள். மூன்றாம் மாடியிலிருந்த கட்டுப்பாட்டு அறையில் கோபிகாந்தன் திரைக்கு முன்னால் நின்றிருந்தான். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"தம்பி, திருப்புங்க! கதவத் திருப்புங்க!"

"உங்களுக்கு விசரோ, அம்மா? அது அங்காலதான் போகுது. நாங்கள் தப்பிட்டம்."

"அங்க என்ட மகன் இரிக்கான்!"

"உங்கடை மகன் இங்கைதானே நிக்கிறார். பாருங்கோ." அவன் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டான். "தவசீலன். உங்கடை வீட்டு முத்தத்திலை நிக்கிறார். நாடி கொஞ்சம் வேகமாய் அடிக்குது. பயந்திட்டார் போல."

"அது ஆடு, தம்பி."

அவன் அவளையே பார்த்தான். பின்பு திரையைப் பார்த்தான். தீவின் வரைபடத்தில் முற்றங்களிலும் வேலியோரங்களிலும் சிதறிக்கிடந்த புள்ளிகள் யாவும் வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தன.

"எத்தினை?" என்றான். "இதிலை எத்தினை ஆடு, அம்மா?"

"எல்லாத் தாய்மாரும் கட்டினம். நீங்க சொல்லுங்க தம்பி, மெசினுக்குச் சொல்லுங்க. இது ஆடு, அங்க மனிசர் எண்டு சொல்லுங்க."

"சொல்ல வழியில்லை." அவன் நாற்காலியில் விழுந்தான். "மனிசர் பொய் சொல்லுவினம் எண்டு, பட்டையை மட்டும் நம்பிற மாதிரித்தான் செய்து வைச்சிருக்கு. நான் சொன்னாலும் கேளாது. கடல் உள்வாங்கத் தொடங்கினால் கதவு பூட்டும். அதுக்குப் பிறகு ஒண்டும் மாறாது."

அவள் வந்த வழியே திரும்பி ஓடினாள். முற்றத்தில் ஆட்டின் காலைப் பற்றிப் பட்டையை இழுத்தாள். ஆடு உதைத்தது. பல்லால் கடித்து அறுத்தெடுத்த பட்டையை மண்ணில் எறிந்துவிட்டு, தெருவில் நின்று அலறினாள்.

"கழட்டுங்க! எல்லாரும் கழட்டுங்க! அங்க நம்மட பிள்ளைகள்!"

பெண்கள் ஓடி வந்தனர். சிலர் ஏற்கெனவே ஆடுகளின் மேல் விழுந்து கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தனர். ஆடுகள் கத்தின, சங்கு ஊதியது, இரண்டும் ஒரே குரலாயின. கோபுரத்தைப் பார்த்தனர். சிவப்பு அசையவில்லை; அக்கரையில் பட்டையின்றி இருந்த பிள்ளைகளை இயந்திரம் எண்ணவில்லை. அப்போது பாக்கியவதி தன் மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றினாள். கறுத்த நீரின் வாசனை, அன்றைய வாசனை, மூக்கில் ஏறியது. அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினர். சிவப்பு ஒருமுறை மங்கிற்று. மீண்டும் அங்கேயே எரிந்தது.

சின்னத்தங்கம் தன் வாசலில் கைகட்டி நின்றாள். அவளோடு, அக்கரையில் யாரும் இல்லாத சிலர் நின்றனர்.

"தங்கம்," என்றாள் பாக்கியவதி.

"என்னப் பார்க்காத. உன்ட மகன் அங்க மாமியார் வீட்டில இரிக்கான். என்ட மகன் இந்தத் தண்ணிக்குள்ள கிடக்கான். அந்தத் தண்ணிய நான் வா எண்டு கூப்பிடவா? எனக்குப் பயம்கா. எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

"எனக்கும் பயம்தான்."

"அப்ப கட்டு! திரும்பக் கட்டு!"

பாக்கியவதி மண்டியிட்டாள். ஒரு பெண் மற்றொரு பெண்ணின் உயிரைக் கேட்பதற்கு உரிய சொல் எந்த மொழியிலும் இல்லை. கேட்கும் நிலைக்கு அவளைத் தள்ளியவர்கள் அப்போது நெடுந்தொலைவில், குளிரூட்டிய அறைகளில், விளக்கின் நிறத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"சீலன்ட பெண்சாதிக்கு இப்ப நோ," என்றாள் கடைசியில். "பிள்ள பிறக்கப்போகுது."

சின்னத்தங்கம் காறித் துப்பினாள். "நாசமாப் போன பிள்ள, வாற நேரத்தப் பார்!" என்றாள். அப்படித் திட்டிக்கொண்டே பட்டையை உருவி, தெருவில் வீசினாள். அருகில் நின்றவர்களும் ஒவ்வொருவராக வீசினர்.

கோபுரத்தில் சிவப்பு அணைந்தது. ஒரு மூச்சு நேரம் இரு பக்கமும் இருண்டிருந்தன. பின்பு தீவின் பக்கம் எரிந்தது.

ஓட்டலின் மேலிருந்து கோபிகாந்தனின் கூக்குரல் கேட்டது. கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. தூண்களுக்கு இடையே இரும்புக் கதவுகள் பூட்டிக்கொள்ளும் ஓசை நீருக்கடியிலிருந்து எழுந்து, காலடி மண்ணில் அதிர்ந்தது.

எல்லாரும் ஓட்டல் படிக்கட்டை நோக்கி ஓடினர். பொறியாளனே இறங்கி வந்து, முதியவர்களை இழுத்து ஏற்றினான். இரண்டாம் மாடியின் திருப்பத்தில் சின்னத்தங்கம் நின்றுவிட்டாள்.

"ஆடெல்லாம் கட்டில நிக்குதுகா."

"வா தங்கம்! விடு!"

"வாய் பேசாத சீவன். இவ்வளவு நாள் நம்மளச் சுமந்ததுகள். அவிழ்த்துவிட்டுட்டு வாறன்." அவள் இறங்கிப் போனாள். பாக்கியவதி எட்டிப் பிடித்த முந்தானை கையில் நிற்கவில்லை.

அலை வந்தபோது மூன்றாம் மாடி ஆடியது. பாக்கியவதி கண்களை மூடிக்கொள்ளவில்லை, மூட முடியவில்லை. கடற்கரைக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும், அவள் வீட்டுக் கூரையும், எல்லாம் கறுத்த நீரில் ஒரே குவியலாகக் கடந்து சென்றன. ஆடுகள் சில நீந்தின. சின்னத்தங்கத்தை எவரும் காணவில்லை.

நீர் வடிந்து சில நாட்கள் கழித்து, பனிச்சைமுனையிலிருந்து படகுகள் வந்தன. அதற்கு முன்பே, மேல்மாடியில் ஒன்றாகப் படுத்திருந்த தாய்மார் தமக்குள் ஒரு முடிவு செய்திருந்தனர்: பட்டைகளைக் கழற்றியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. அத்தகைய கடனைச் சுமந்துகொண்டு எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து நடக்க இயலாது. கோபிகாந்தனிடமும் சத்தியம் வாங்கியிருந்தனர்.

தவசீலன் படிக்கட்டில் ஓடி ஏறி வந்து, தாயைக் கட்டிக்கொண்டு அழுதான். பின்பு கைப்பேசியில் படம் காட்டினான். பெண் குழந்தை. முகம் சிவந்து, கண்களை இறுக மூடியிருந்தது.

"சிவப்பு எங்கட பக்கம்தான் எரிஞ்சது, அம்மா. முடிஞ்சுது எண்டுதான் நினைச்சம். அப்புறம் அதுவாத் திரும்பிட்டு. மெசின் பிழையத் தானே திருத்திட்டு. நல்ல மெசின்."

"ஓம் மகன். நல்ல மெசின்."

"உங்கட பக்கம் வந்ததுதான்..." அவன் தலைகுனிந்தான். "சின்னத்தங்கம் பெரியம்மா ஏன் மேல ஏறல்ல?"

"ஆடு அவிழ்க்கப் போனா."

அவன் அடுத்த படத்தைக் காட்டினான். குழந்தையின் புயத்தில் சிறு பஞ்சு ஒட்டியிருந்தது. "புதுசு. தோலுக்குள்ள வைக்கிறாங்க, அரிசியளவுதான். இனி ஒருத்தரும் கழட்ட ஏலாது; ஏமாத்தவும் ஏலாது. எனக்கு நாளைக்கு. உங்களுக்கும் வைப்பாங்க. அடுத்த பருவத்துக்கு ஓட்டல இன்னும் பெரிசாக் கட்டப்போறாங்களாம். இரட்டிப்பு ஆக்கள் வருவாங்களாம். இனி இந்தப் பக்கம் சிவப்பு வராதம்மா. நீங்க நிம்மதியா இரிக்கலாம்."

பாக்கியவதி குழந்தையின் புயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பஞ்சின் கீழே இருப்பதை எந்தத் தாயின் பல்லும் கடித்து எடுக்க இயலாது. மீண்டும் ஒருநாள் சங்கு ஊதும். தீவில் ஓட்டல் நிறைந்திருக்கும். எடை குறைந்த அக்கரையில் இந்தக் குழந்தை இருக்கும்.

"மகன்," என்றாள். "ஜெயரூபிட வீட்டில எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இரிக்கா?"

அவன் திகைத்துப் போனான். மருமகளின் வீட்டில் மாமியார் குடியிருப்பது அந்தக் கரையில் கேட்டறியாத செய்தி.

"என்னம்மா சொல்றீங்க? ஊர் சிரிக்குமே. தாய்வீடு எண்டு உங்களுக்கு இங்க மண் இரிக்கு. நான் வீடு கட்டித் தாறன்."

"சிரிக்கட்டும். ஒரு மூலை போதும். பிள்ளைய ஆட்டுவன். தேங்காய் துருவித் தருவன்."

"கடலுக்குப் பயமா, அம்மா?"

"ஓம் மகன். பயம்."

அவள் பொய் சொல்லவில்லை. அவன் அவள் கையைப் பற்றிப் படியிறங்கினான். கீழே படகுகளைச் சுற்றி, ஈரம் உலராத மூட்டைகளை இடுக்கிக்கொண்டு, மற்றத் தாய்மாரும் தத்தம் மகன்மாரிடம் அதே இடத்தைக் கேட்டுக்கொண்டு நின்றனர். மகன்மார் தயங்கித் தயங்கித் தலையசைத்தனர். மகன் இல்லாத பெண்களையும் அவர்கள் கைபிடித்து ஏற்றிக்கொண்டனர். ஏறியவர்களின் எடையில் படகுகள் தாழ்ந்தன.

மேல்மாடிச் சன்னலருகே கோபிகாந்தன் நின்றான். நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியிருந்ததால், போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான். அவனுக்குப் பின்னால், பயணிகளால் நிரம்ப வேண்டிய அறைகள் நீண்ட வரிசையாகத் திறந்து கிடந்தன. அவன் தன் மணிக்கட்டிலிருந்த பட்டையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.